கையால் இழுத்தால் அசைகிறது, மோட்டார் வைத்தால் புரள்கிறது

வாசகர் கேள்வி – பதில்

கணினியில் வடிவமைத்த பாகங்களை ஒன்றுசேர்த்து, அந்த அசெம்பிளியை இயக்கிப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒரே பகுதியாகத் தொகுத்திருக்கிறோம். ஒன்றுபோல் இருந்த கேள்விகளை இணைத்துவிட்டோம். அளவுகளைக் குறிப்பிட்டு எழுதியவர்களின் அளவுகளை அப்படியே வைத்துக் கணக்கிட்டிருக்கிறோம்.

கேள்வி: நான்கு தண்டு இணைப்பு ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். அசையாத அடித்தண்டு 100 மி.மீ., சுழலும் கிராங்க் 60, நடுவில் வரும் கப்ளர் 90, ஊசலாடும் ராக்கர் 70. மவுஸால் இழுத்தால் எல்லாம் அசைகிறது. கிராங்கில் மோட்டார் வைத்து ஓட்டினால், பாதிச் சுற்றில் சில நேரம் பிழைச்செய்தி வருகிறது. சில நேரம் ராக்கர் திடீரென்று எதிர்ப்பக்கம் புரண்டுவிடுகிறது. பாகங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் மேட்களை மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன், பயனில்லை. தவறு எங்கே இருக்கிறது? — இயந்திரப் பொறியியல் மாணவி

பதில்: மேட்களை நான்காவது முறை அழிக்க வேண்டாம், தவறு அளவுகளில் இருக்கிறது. கிராங்க் முழுச் சுற்றுச் சுற்ற வேண்டுமானால், மிகக் குட்டையான தண்டையும் மிக நீளமான தண்டையும் கூட்டி வரும் நீளம், மற்ற இரண்டின் கூட்டுத்தொகையை மீறக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரான்ஸ் கிராஸ்ஹாஃப் பெயரால் வழங்கும் விதி இது. உங்கள் அளவுகளில் 60-உம் 100-உம் சேர்ந்தால் 160. 90-உம் 70-உம் சேர்ந்தாலும் 160. விதியை மீறவில்லை, ஆனால் அதன் விளிம்பிலேயே நிற்கிறீர்கள்.

அந்த விளிம்பில் என்ன நடக்கிறது என்பதைக் காகிதத்தில் வரைந்து பாருங்கள். கிராங்க் 180 பாகைக்கு வரும்போது அதன் முனைக்கும் ராக்கரின் அடி முளைக்கும் இடையே உள்ள தூரம் 100-உடன் 60 சேர்ந்து 160 ஆகிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய கப்ளரும் ராக்கரும் சேர்ந்தும் சரியாக 160-தான். ஆகவே நான்கு தண்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் படுத்துவிடுகின்றன. அங்கிருந்து அடுத்த பாகைக்கு நகரும்போது ராக்கர் மேல்பக்கமாக எழுந்தாலும் எல்லா நிபந்தனைகளும் நிறைவேறும், கீழ்ப்பக்கமாகச் சாய்ந்தாலும் நிறைவேறும். சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வர், முந்தைய நிலையைத் தொடக்க ஊகமாக வைத்துக்கொண்டு படிப்படியாக விடையை நெருங்குகிறது. இரண்டு விடைகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் இடத்தில் எதைப் பிடிப்பது என்று அதற்குத் தெரியாது. ஒன்று, எதையாவது பிடித்துக்கொள்ளும். அல்லது பிழைச்செய்தி தரும். மவுஸால் இழுத்தபோது நீங்கள் தப்பித்ததற்குக் காரணம், அந்தப் புள்ளியில் சரியாக நிற்காமல் தாவிவிட்டதுதான்.

கிராங்கை 65 ஆக்கினால் அது சுமார் 151 பாகையில் முட்டி நின்றுவிடும். 55 ஆக்கினால் முழுச் சுற்றுச் சுற்றும், புரளவும் செய்யாது. ஆனால் அதோடு மகிழ்ந்துவிடாதீர்கள். கப்ளருக்கும் ராக்கருக்கும் இடையே உள்ள டிரான்ஸ்மிஷன் கோணம் அப்போது கடைக்கோடியில் சுமார் 29 பாகைக்கு இறங்கிவிடுகிறது. 40 பாகைக்குக் கீழே போகாமல் வைத்துக்கொள்வதே வடிவமைப்பாளர்களின் பொதுவான வழக்கம். திரையில் வழுக்கிக்கொண்டு ஓடும் அந்த இணைப்பு, உலோகத்தில் செய்தால் உராய்வால் சிக்கிக்கொள்ளலாம். கிராங்கை 40 மி.மீ. வரை குறைத்தால் இரு கடைக்கோடிகளிலும் கோணம் 40-க்கு மேலேயே நிற்கிறது. ராக்கரின் வீச்சு சுருங்கும் என்பது அதற்கான விலை.

கேள்வி: கதவு ஒன்றை இரண்டு கீல்களில் பொருத்தி இயக்கினேன். மேல் கீலில் விசையும் திருப்புவிசையும் காட்டுகிறது. கீழ்க் கீலில் எல்லாமே பூஜ்யம். மென்பொருளில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, கேட்ட கேள்விக்குச் சரியாகவே விடை சொல்லியிருக்கிறது. கட்டில்லாத ஒரு திண்பொருளுக்கு ஆறு சுதந்திர இயக்கக் கூறுகள் உண்டு: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். ஒரு கீல் இந்த ஆறில் ஐந்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சுழற்சியை மட்டும் விட்டுவைக்கிறது. நீங்கள் இரண்டு கீல்களைப் போட்டிருக்கிறீர்கள். ஆறு கூறுகளே உள்ள பொருளின் மீது பத்துக் கட்டுகள். கணக்குப்படி கதவு அசையவே கூடாது. இரண்டு அச்சுகளும் இம்மியளவும் பிசகாமல் ஒரே கோட்டில் இருப்பதால்தான் அது திறக்கிறது. ஐந்து கட்டுகள் மிகையானவை. பாகங்களை வளையாத திண்பொருளாகக் கொள்ளும் சால்வர், இந்த மிகைக் கட்டுகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு மேலே போகிறது. இயக்கம் மாறாது. ஆனால் நீக்கப்பட்ட கட்டு எந்த விசையையும் தாங்காது என்பதால் அங்கே பூஜ்யம் விழுகிறது. அசைவை மட்டும் பார்ப்பவருக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. அந்த எண்ணை எடுத்துக் கீலின் திருகாணிக்கு அளவு முடிவு செய்பவருக்குத்தான் ஆபத்து.

தீர்வு எளிது. இரண்டாவதாகக் கீலையே போடாதீர்கள். எந்த இடம் எடையைத் தாங்க வேண்டுமோ அங்கே ஒரு பந்து இணைப்பைப் போடுங்கள். அது மூன்று நகர்வுகளைப் பிடிக்கும். மற்ற இடத்தில், ஒரு புள்ளி அச்சுக்கோட்டின் மீதே இருக்க வேண்டும் என்ற கட்டை மட்டும் போடுங்கள். அது இரண்டைப் பிடிக்கும். மொத்தம் ஐந்து, எஞ்சுவது ஒன்று. உங்கள் கதவு 30 கிலோ, அகலம் 900 மி.மீ., கீல்களுக்கு இடைவெளி 1.5 மீட்டர் என்று எழுதியிருந்தீர்கள். எடை சுமார் 294 நியூட்டன். அது கீல் அச்சிலிருந்து 0.45 மீட்டர் தள்ளிச் செயல்படுவதால் 132 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வருகிறது. இடைவெளியால் வகுத்தால், மேல் கீல் 88 நியூட்டன் விசையோடு இழுக்கப்பட வேண்டும், கீழ்க் கீல் அதே 88-ஓடு அழுத்தப்பட வேண்டும். முதலில் மேல் கீலில் மென்பொருள் காட்டிய திருப்புவிசை 132-ஐ ஒட்டியே இருந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எடை இரு கீல்களுக்கும் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதே உங்கள் கேள்வி என்றால், கீல்களுக்கு நெகிழ்வுத்தன்மை கொடுத்தாக வேண்டும். திண்பொருள் கணக்கில் அதற்கு விடையே கிடையாது.

கேள்வி: ஹைட்ராலிக் சிலிண்டரைத் தனி அசெம்பிளியாகத் திறந்தால் தண்டு நீள்கிறது, சுருங்குகிறது. அதையே பெரிய அசெம்பிளிக்குள் கொண்டுவந்தால் கல்லாகிவிடுகிறது.

பதில்: உள் அசெம்பிளி ஒன்றை வெளி அசெம்பிளிக்குள் சேர்க்கும்போது சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் அதை ஒரே திண்பொருளாகவே எடுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் மேட்களை ஒவ்வொரு முறையும் மறுபடி தீர்க்க வேண்டாம் என்பதற்கான சிக்கனம் அது. உள் அசெம்பிளியின் பண்புகளில் ‘ரிஜிட்’ என்றிருப்பதை ‘ஃபிளெக்சிபிள்’ என்று மாற்றினால் போதும். எல்லாவற்றையும் மாற்றி வைக்காதீர்கள். அசெம்பிளி நகர்வதற்கே நேரம் பிடிக்கும்.

கேள்வி: நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் ஒரு விசிறியை ஓட்டினேன். விசிறி அசையாமல் நிற்கிறது. 2900 கொடுத்தால் பின்னோக்கிச் சுற்றுகிறது!

பதில்: ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குக் கிடைக்கும் படங்கள் போதவில்லை. 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. நொடிக்கு 25 படங்கள் என்று பதிவு செய்தால், இரண்டு படங்களுக்கு இடையே விசிறி சரியாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. 2900-இல் அது இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவே போவதால் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் பின்தங்கி, பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரிகிறது. பதிவாகும் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டி, பார்க்கும்போது மெதுவாக ஓட்டிப் பாருங்கள். காட்சிதான் இங்கே ஏமாற்றியது என்று விட்டுவிடவும் முடியாது. பல மென்பொருள்கள் வரைகோட்டுப் படங்களையும் இந்தப் படப் புள்ளிகளில் மட்டுமே குறித்துக்கொள்ளும் என்பதால், இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஏறி இறங்கிய விசையின் உச்சம் உங்கள் வரைபடத்தில் விழாமலே போகலாம். இன்னொன்று: வேகத்தை நொடிக்கு இத்தனை பாகை என்று கேட்கும் பெட்டியில் சுற்று எண்ணிக்கையை இட்டுவிடுவது அன்றாடம் நடக்கும் பிழை. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பது நொடிக்கு 6 பாகை.

கேள்வி: சுழலும் முளை ஒன்று காடிகளில் நுழைந்து சக்கரத்தை விட்டுவிட்டுத் திருப்பும் நான்கு காடி ஜெனீவா இயக்கம் செய்கிறேன். ஓட்டினால் முளை, நட்சத்திரச் சக்கரத்தின் உடலுக்குள் ஊடுருவிக்கொண்டு போகிறது. சக்கரம் அசைவதே இல்லை. பரப்புகள் தொடுவதைக் கணக்கிடும் கான்டாக்ட் சேர்த்தபின் சக்கரம் அசைகிறது, ஆனால் உதறுகிறது. முளையின் சுழல் ஆரம் 50 மி.மீ., மைய இடைவெளி 72 மி.மீ. — கருவி வடிவமைப்பாளர்

பதில்: திரையில் ஒன்றின் மேல் ஒன்று படும் இரண்டு பரப்புகள் மென்பொருளுக்கு ஒன்றையொன்று தெரியாதவை. யாராவது சொன்னால்தான் தெரியும். மேட் என்பதும் ஜாயின்ட் என்பதும் எப்போதும் நிலைத்திருக்கும் உறவுகள். ஜெனீவாவிலோ முளையும் காடியும் கால் சுற்று மட்டும் உறவாடிவிட்டு முக்கால் சுற்றுக்குப் பிரிந்திருக்கின்றன. வந்து வந்து போகும் இந்த உறவை எந்த மேட்டும் சொல்லாது. கான்டாக்ட் மட்டுமே சொல்லும். அதற்கு விசையைக் கணக்கிடும் டைனமிக்ஸ் ஓட்டம் தேவை. பெயர்கள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறினாலும், இயக்கிப் பார்த்தல் என்பதற்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன: குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் பாகங்களை வைத்துக் காட்டும் வெறும் அசைபடம், உறவுகளையும் மோட்டாரையும் கொண்டு இடம், வேகம், முடுக்கம் ஆகியவற்றைச் சொல்லும் கைனமேட்டிக்ஸ், நிறை, உராய்வு, மோதல் ஆகியவற்றையும் சேர்த்து விசையைச் சொல்லும் டைனமிக்ஸ். பல வாசகர்கள் முதலாவதை ஓட்டிவிட்டு மூன்றாவதன் விடையை எதிர்பார்க்கிறார்கள்.

இனி உதறலுக்கு வருவோம். அதில் பாதி உங்கள் மைய இடைவெளியில் இருக்கிறது. நான்கு காடிச் சக்கரத்தில், முளை காடிக்குள் நுழையும் கணத்தில் முளையின் ஆரமும் காடியும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். அப்போதுதான் முளை காடியின் நீளவாக்கில் வழுக்கி நுழையும், சுவரை இடிக்காது. அதற்கு மைய இடைவெளி, ஆரத்தைப் போல 2-இன் வர்க்கமூலம் மடங்கு இருக்க வேண்டும்: 50-ஐ 1.4142-ஆல் பெருக்கினால் 70.71. நீங்கள் 72 என்று முழுமையாக்கியதால் 1.29 மி.மீ. தள்ளிப்போய், ஒவ்வொரு நுழைவிலும் முளை சுவரில் இடிக்கிறது. இதைக் காட்டிக்கொடுத்த உதறலைக் குறைசொல்ல முடியாது.

மீதிப் பாதி, கான்டாக்ட் கணக்கிடப்படும் முறையில் இருக்கிறது. இரண்டு பரப்புகள் மிகச் சிறிதளவு ஒன்றுக்குள் ஒன்று அமிழ்வதை அனுமதித்து, அமிழ்ந்த ஆழத்துக்கேற்பத் தள்ளுவிசை தருவதே பரவலான முறை. விறைப்பு எண்ணைக் கூட்டினால் அமிழ்வு குறையும், ஆனால் விசை ஒரு நொடியின் மிகச் சிறு பங்குக்குள் ஏறி இறங்கும். கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு, அதாவது நேரப்படி, பெரிதாக இருந்தால் அந்த ஏற்றத்தை சால்வர் தவறவிட்டு, அடுத்த படியில் மிகையாகத் தள்ளி, பாகத்தைத் துள்ளச் செய்யும். எனவே முதலில் நேரப்படியைச் சிறிதாக்குங்கள். பிறகும் துள்ளினால், துள்ளலை அடக்கும் தணிப்பு எண்ணைக் கூட்டுங்கள். விறைப்பைக் கடைசியாகத் தொடுங்கள். வளைபரப்புகளைச் சிறு முக்கோணங்களாக வெட்டிக் கணக்கிடும் அமைப்பில், முளை வட்டமாக இல்லாமல் பலகோணமாக உருள்கிறது என்பதால் கூடுதலாக ஒரு நடுக்கம் வரும். துல்லியமான பரப்பைக் கொள்ளும் தெரிவு இருந்தால் அதை இயக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 500 மி.மீ. நீளம், 40-க்கு 40 குறுக்குவெட்டு கொண்ட எஃகுக் கையைக் கிடைநிலையிலிருந்து தூக்க மோட்டார் தேடுகிறேன். கைக்கணக்கில் 15.4 நியூட்டன் மீட்டர் வருகிறது, மென்பொருள் 1.96 என்கிறது. எதை நம்புவது?

பதில்: உங்கள் கைக்கணக்கை. 15.4-ஐ 1.96-ஆல் வகுத்துப் பாருங்கள், 7.85-ஐ ஒட்டி வரும். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ, நீரினுடையது 1000. பாகத்துக்கு எந்த உலோகம் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்காத பாகத்தை சாலிட்வொர்க்ஸ் நீரின் அடர்த்தியிலேயே எடைபோடும். உங்கள் கை 6.28 கிலோவுக்குப் பதில் 0.8 கிலோவாக இருந்திருக்கிறது.

உலோகத்தைக் கொடுத்தபின் இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. நொடிக்கு 60 பாகை என்று சீரான வேகத்தை மோட்டாருக்குக் கொடுத்திருந்தால், தொடக்கக் கணத்தில் வரைகோடு வானளவு எழும். நின்றிருந்த கை நேரம் பூஜ்யத்திலேயே முழு வேகத்தில் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறீர்கள். முதல் நேரப்படி 0.001 நொடி என்றால், அந்த ஒரு படிக்குள் கையை முடுக்கவே சுமார் 550 நியூட்டன் மீட்டர் வேண்டும். அந்த உச்சத்தைப் பார்த்து மோட்டார் வாங்கியவர்களும் உண்டு. வேகம் அரை நொடியில் வழவழப்பான வளைகோடாக ஏறும்படி மாற்றினால், முடுக்குவதற்கான பங்கு உச்சத்திலும் 1.6 நியூட்டன் மீட்டரைச் சுற்றியே நிற்கும், எடையின் 15.4-உடன் சேர்த்தால் 17. கியர் பெட்டியின் இழப்பும் தூக்கப்படும் பொருளின் எடையும் இதற்கு மேல்.

கேள்வி: டைனமிக்ஸ் விடை சரியா என்று சோதிக்க எல்லோரும் செய்து பார்க்கக்கூடிய ஓர் எளிய மாதிரி சொல்லுங்கள்.

பதில்: கிராங்கும் பிஸ்டனும்தான். கிராங்க் ஆரம் 40 மி.மீ., கனெக்டிங் ராட் 160 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரத்தைக் கோணவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 3948. ஆரத்துக்கும் ராடுக்கும் உள்ள விகிதம் கால் பங்கு என்பதால், பிஸ்டன் மேல்நிலையில் இருக்கும்போது முடுக்கம் இதன் 1.25 மடங்கு, அதாவது நொடி வர்க்கத்துக்கு 4935 மீட்டர், கீழ்நிலையில் 0.75 மடங்கு, 2961. இந்த இரண்டு இடங்களிலும் இச்சூத்திரம் தோராயமானதல்ல, துல்லியமானது. உங்கள் வரைகோட்டின் இரு முனைகளும் இந்த எண்களைத் தொடவில்லையென்றால் அலகிலோ நேரப்படியிலோ பிழை இருக்கிறது. மில்லிமீட்டர் அலகில் ஓட்டினால் 49,35,000 என்று காட்டும், பதற வேண்டாம். ஆனால் புவியீர்ப்பைக் கையால் இடும் மென்பொருளாக இருந்தால் அதே அலகில் 9.81 என்று இடாமல் 9810 என்று இட வேண்டும்.

கேள்வி: வெளியிலிருந்து ஸ்டெப் கோப்பாக (மென்பொருள்களுக்கு இடையே வடிவங்களைப் பரிமாறும் பொதுக் கோப்பு) வந்த அசெம்பிளியில் ஒரு பாகமும் ஒழுங்காக அசையவில்லை. காசில்லாத மென்பொருளில் இந்த வேலைகளைச் செய்யவும் முடியுமா?

பதில்: நடைமுறையில் ஸ்டெப் கோப்பு பாகங்களின் வடிவத்தையும் எது எதற்குள் இருக்கிறது என்ற படிநிலையையும் கொண்டுவருகிறது, மேட்களை விட்டுவிட்டு வருகிறது. அசையும் இடங்களில் மட்டும் நீங்களே இணைப்புகளைப் போட வேண்டும். அசையாத திருகாணி, தட்டு, உறை ஆகியவற்றை ஒரே திண்கட்டாகச் சேர்த்துவிட்டால் நூறு பாகங்கள் உள்ள அசெம்பிளியில் நான்கைந்து இணைப்புகளே தேவைப்படும். இரண்டாவது கேள்விக்கு: 2024 நவம்பரில் வெளியான, ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளின் 1.0 பதிப்பிலிருந்து அசெம்பிளிப் பணிமேடை அதனுள்ளேயே இருக்கிறது. கீல், வழுக்கி, பந்து, கியர், திருகு ஆகிய இணைப்புகளைப் போட்டுப் பாகங்களை இழுத்துப் பார்க்கலாம். முதல் கேள்வியில் வந்த நான்கு தண்டு இணைப்பை அதில் கட்டி, கிராங்கை 60-இலும் 40-இலும் வைத்துச் சுற்றிப் பாருங்கள்.